நஸ்ரீன் மகளின் படங்கள்

வியாழன், இரவு

இந்த நேரத்தில் உன்னைத் திறப்பதற்கு மன்னித்துக்கொள், டைரி. பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

லேப்டாப் இரண்டு நாளாகத் தானாகவே அணைந்துபோகிறது. பாப்பாவின் படங்கள் எல்லாம் அதில்தான். அவற்றைப் பத்திரப்படுத்த இவருடைய ஹார்டு டிஸ்க்கைச் செருகினால், இடமே இல்லை. முக்கால்வாசி ஷூ கம்பெனி சாம்பிள் டிசைன்கள். மீதி, இவரோடு வேலை செய்யும் நஸ்ரீனுடைய மகளின் படங்கள். மாதவாரியாகப் பிரித்து, பெயர் போட்டு, அத்தனை அழகாக.

"இன்னாங்க இது?"

"அவங்க சிஸ்டம் கெட்டுப் பூட்டுச்சி. கேட்டாங்க, ஏத்தி வெச்சேன். நீ கேக்கலியே."

"நம்ம பொண்ணு தோல்ல தெச்ச ஷூவா இருந்தா கேக்காமயே ஏத்தியிருப்பீங்க."

சிரித்தார். "சாம்பிள்ல கை வெச்சிடாத. ஷூ வாங்கற பையர் திரும்பக் கேப்பான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

அப்படியானால் அழிக்க நஸ்ரீன் மகள்தான் மிச்சம். அழிக்கப் போய், ஒரு படத்தைத் திறந்துவிட்டேன். எங்கள் பாப்பாவைப் போலவே அதற்கும் இரண்டே பல்.

எரிச்சல் அடங்கவில்லை, ஆனாலும் அழிக்க மனம் வரவில்லை. இவர் போனில் எண்ணைப் பார்த்து நஸ்ரீனுக்கு மெசேஜ் போட்டேன்: "உங்க குழந்தை படங்களுக்கு வேற காப்பி இருக்கா? எங்க பாப்பாவுக்கும் இடம் வேணும். சீக்கிரம் பதில் போடுங்க."