இனிகோ சொன்ன ‘வாரேன்’

ஜனவரி 11, ஞாயிறு
பூசை முடிந்ததும் ஸ்ரீவைகுண்டம். பழைய கார் ஒன்று வாங்கியதிலிருந்து ஞாயிறுதோறும் ஓர் ஊர். கப்பல் சமையல்காரராக முப்பது வருஷம் உலகம் சுற்றிய என் வீட்டுக்காரர் இனிகோவுக்குப் பக்கத்து ஊர் ஒன்றும் தெரியாது. கோயில் தூணிலிருந்த யாளியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். “ஏளா பேபி, இதப் பாக்காமலா ரோட்டர்டாம் வரைக்கும் போனேன்!” இனிமேல் கப்பல் ஏறமாட்டாராம். வருஷா வருஷம் கேட்கிற பேச்சு. இந்தத் தடவை நம்ப ஆசையாக இருக்கிறது.

ஜனவரி 18
எட்டயபுரம். அரண்மனையை வெளியே நின்று பார்த்தோம். வெயில். சேவு வாங்கினோம். திரும்பும் வழியில் கப்பலுக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்ட் ஜோன்ஸ் அண்ணாச்சி போன் பண்ணினார். இவர் இறங்கி நின்று பேசினார். திரும்பி வந்து கார்க் கதவைத் திறக்கும்போதுதான் என் காதில் விழுந்தது: “சரி அண்ணாச்சி, வாரேன்.”
வாராராம். போகட்டும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜனவரி 20
பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தேன். ஸ்வெட்டர், மிளகாய்ப்பொடி, மாசிக் கருவாடு எல்லாம் அடுக்கியாயிற்று. பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜனவரி 25
பாஞ்சாலங்குறிச்சி. கோட்டையைச் சுற்றி வரும்போது சொன்னார்: “புதன்கிழம கொச்சியில ஏறணும்.”
“அதான் எட்டயபுரத்துலயே ஜோன்ஸ் அண்ணாச்சிகிட்ட வாரேன்னு சொல்லியாச்சே.”
நின்றுவிட்டார். “ஏளா, அன்னைக்கு மாட்டேன்னுல்லா சொன்னேன்! போன வைக்கும்போது வாரேன்னு சொல்லாம வேற என்ன சொல்லுவாங்க? நீ பெட்டிய அடுக்குனியா... நான் போனாத்தான் ஒனக்கு நிம்மதி போலன்னு நெனச்சேன். வெள்ளிக்கிழமதான் கையெழுத்துப் போட்டேன்.”
கூறுகெட்டவ நான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? அங்கேயே அழுதேன். வாட்ச்மேன் பார்த்தார் — பார்த்தால் பார்க்கட்டும். “போகாதீங்க” என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை.
கையெழுத்துப் போட்டது போட்டதுதான். ஒன்பது மாசம்.

ஜனவரி 28
ஏறிவிட்டார்.

பிப்ரவரி 2
டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்தேன். “இந்த வயசுல எதுக்குக்கா?” என்றான் அதை நடத்துகிற தேவமணி.
“அக்டோபர் கடைசியில கொச்சிக்குப் போகணும் தம்பி. எங்க வீட்டுக்காரர் கரையில கால் வச்சதும், அடுத்த கப்பலுக்கு வாரீங்களான்னு வேற யாரும் கேக்கதுக்கு முன்னால, வீட்டோட இருக்கீங்களான்னு நான் கேக்கணும்.”
நாளைக் காலை ஆறு மணிக்கு முதல் வகுப்பு.