இடப்பக்க முன்கதவு

என் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் கறுப்பாக ஒரு பிசின் ஒட்டியிருக்கிறது, அண்ணை. சோப்புப் போட்டுப் பார்த்தேன், தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், போகிற வழியைக் காணோம். தார் வாசனை அடிக்கிறது. காலையில் காபி குடிக்கக் கோப்பையைத் தூக்கினால் முதலில் மூக்குக்கு வருவது அதுதான். காரின் கதவுக்குள்ளே, உள் அட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்குமே, மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, அந்தத் தாளை ஒட்டுகிற பிசின். முப்பது வருடம் ஆனாலும் அது காயாது என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. நீங்கள் சொன்ன எதை நான் லேசில் நம்பினேன்?

என் வேலை அப்படி. அடுத்தவன் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆபீசில் அதற்குப் பாராட்டு கிடைக்கும். வீட்டில் என் மனைவி, "உங்க டெஸ்டிங் புத்தியை வாசல்லயே கழட்டி வச்சிட்டு வாங்க" என்பாள். நான் கழட்டியதே இல்லை.

நாம் பழக்கமானது இங்கே ஆக்லாந்தில், மவுண்ட் வெல்லிங்டன் ஷாப்பிங் சென்டரின் கார் பார்க்கில். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத என் அமெரிக்கக் கம்பெனி வண்டி, பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி வைத்த பெரிய டீசல் வண்டி, கிளம்பமாட்டேன் என்று நின்றுவிட்டது. நான் போனில் என் மனைவியிடம் தமிழில் புலம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு பை நிறைய மரக்கறியோடு நீங்கள் வந்து நின்றீர்கள்.

"தம்பி, போனட்டைத் திறவும் பாப்பம்."

பாட்டரி வயரின் முனை தளர்ந்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றி ஒரு திருகு திருகினீர்கள், அவ்வளவுதான். வண்டி கிளம்பியதும் நான் நன்றி சொல்ல வந்தேன். நீங்கள் போனட்டுக்கு உள்ளே இருந்த தகட்டைக் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தீர்கள்.

"இது தாய்லாந்தில பாகம் சேத்துப் பூட்டினது. எங்கட கை பட்ட கார் இல்ல," என்றீர்கள், ஏதோ சம்பந்தம் பேசப்போன வீட்டில் குலம் சரியில்லை என்பது மாதிரி.

'எங்கட கை' என்ற அந்தச் சொல்தான் என்னைப் பிடித்து இழுத்தது. மறு சனிக்கிழமையே உங்கள் வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு மூன்று வருடம், மழையோ வெயிலோ, சனிக்கிழமை காலை உங்கள் காராஜில்தான். அந்தக் கார்க் கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், "அவன் உமக்குக் காசு தாறானோ, சும்மா விளம்பரம் செய்யுறீர்?" என்று நீங்களே கேட்பீர்கள்.

எனக்குத் தெரிந்த கார் வரலாறு எல்லாம் இணையத்தில் படித்தது. அமெரிக்காவில் ஒரு கொட்டகையில் ஆரம்பித்தது, ஆள் காரிடம் போகாமல் கார் ஆளிடம் வருகிற மாதிரி வரிசை வைத்தது, உலகம் முழுக்க விற்றது. நீங்கள் சொன்ன வரலாறு வேறு. அது பெட்டியில் வந்தது. உலகத்தின் இந்தக் கடைசி மூலைக்கு முழுக்காரை அனுப்பினால் வரி அதிகம் என்று பாகம் பாகமாகப் பிரித்து மரப்பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். இங்கே தெற்கு ஆக்லாந்தில் ஒரு தொழிற்சாலையில் அதைப் பூட்டிக் காராக்கினார்கள். அமெரிக்கப் பெயர், ஆஸ்திரேலியாவில் போட்ட வரைபடம், சமோவாக்காரரும் டோங்காக்காரரும் மாவோரிகளும் பூட்டுகிற கை. அந்த வரிசையில் அகதியாய் வந்து ஒரு வருடம்கூட ஆகாத யாழ்ப்பாணத்தார் ஒருவர்.

நான் கேள்வி கேட்டுக் குடைந்தேன். பெட்டிப் பலகையை என்ன செய்தீர்கள்? "கனபேர் வீட்டுக்குக் கொண்டுபோவினம். எங்கட கோழிக்கூடு முழுக்க அதுதான்." ஒரு திருகாணி குறைந்தால்? "அடுத்த பெட்டியில களவெடுக்கிறது." தொழிற்சாலை ஏன் மூடினார்கள்? "அரசாங்கம் வரியை எடுத்துப்போட்டுது. ஜப்பானில ஓடின கார் கப்பல் கப்பலா வந்திறங்கிச்சு. பிறகு எங்களை ஆர் தேடுறது?" கடைசி நாளில் சொசேஜ் சுட்டுக் கொடுத்தார்களாம். அது வெள்ளிக்கிழமை, நீங்கள் இறைச்சி தொடாத நாள். பாண் ரொட்டியும் வெங்காயமும் மட்டும் தின்றுவிட்டு வேலை இல்லாத மனிதனாக வீட்டுக்கு வந்தேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

நாலு வருடம் அமெரிக்கக் கம்பெனிக் கார் பூட்டிய நீங்கள் ஓட்டியதெல்லாம் ஜப்பான் கார். "ஏன் அண்ணை?" என்று கேட்டதற்கு, "செய்தவனுக்கெல்லோ தெரியும் எங்க பிழையெண்டு" என்றீர்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பொங்கல் சாப்பாடு வரைக்கும்.

சமூக மண்டபத்தில் நீள மேசை போட்டு எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரோ உங்களிடம் பழைய தொழிற்சாலை வேலையைப் பற்றிக் கேட்டார்கள். நீங்கள் எனக்குக்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னீர்கள். "இடப்பக்க முன்கதவுதான் என்ர வேலை. உள் அட்டை பூட்டுறதுக்கு முதல், இரும்பில மஞ்சள் கிரேயானால ஒரு பிள்ளையார் சுழி போட்டிட்டுத்தான் மூடுவன். ஒரு கார் விட்டதில்லை. ஓடுற சனம் சுகமா ஓடட்டும்."

கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் புத்தி விடுமா?

"நாலு வருஷமும் எல்லாக் கார்லயுமா? சூப்பர்வைசர் சும்மா விட்டானா?"

"மேல அட்டை வந்திடுமெல்லோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

"யாராலயும் பார்க்க முடியாத இடமாப் பார்த்துப் போட்டிருக்கீங்க. ரொம்ப வசதியாப் போச்சுண்ணே! எங்க ஊர்ல இதுக்குப் பேரு புளுகு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கைதட்டு வாங்கியது போல் இருந்தது. நீங்கள் கையில் பிசைந்து வைத்திருந்த கவளத்தை மறுபடி தட்டில் வைத்தீர்கள். "ஓம், புளுகுதான்," என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனீர்கள். பாயசம் அப்போதுதான் பரிமாற வந்தது, நீங்கள் திரும்பி வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் வரவில்லை. கோபமாக இருப்பார், ஆறட்டும் என்று நினைத்தேன். அதற்கடுத்த சனிக்கிழமை, அவரே கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டேன். பிறகு வராததே ஒரு பெரிய விஷயமாகிவிட்டது, வந்தால் ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டுமே. இப்படியே எட்டு மாதம். ஒரு நாள் மதியம் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபோது வாட்ஸப்பில் உங்கள் படம் வந்தது, கீழே மாரடைப்பு என்று எழுதியிருந்தது. அஞ்சலியில் நான் கடைசி வரிசையில் நின்றேன். நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. நீங்கள் சொன்னது உண்மையா? பொய் என்றால் நான் சொன்னது ஒரு முரட்டுக் கிண்டல், அவ்வளவுதான், ஆறுதலாவது உண்டு. உண்மை என்றால், நாலு வருடம் முகம் தெரியாத மனிதர்களுக்காக ஒரு மனிதர் கும்பிட்டு வைத்ததை நான் ஊர் நடுவில் போட்டு மிதித்திருக்கிறேன். இரண்டில் எது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

நீங்கள் பூட்டிய அந்தப் பழைய மாடலை வைத்திருப்பவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அதில் சேர்ந்தேன். அடேயப்பா, என்ன மனிதர்கள்! ஒருவர் தன் காரின் ரேடியேட்டர் ஒழுகுவதைப் பேரப்பிள்ளையின் சளி மாதிரி தினமும் எழுதுகிறார். இன்னொருவர் கார் ஓடத் தகுதியா என்று பார்க்கும் வாரன்ட் சோதனையில் தேறியதற்குக் கேக் வெட்டிப் படம் போடுகிறார். திட்டுகிறார்கள், அழுகிறார்கள், விற்கமாட்டேன் என்கிறார்கள். நான் எழுதினேன்: "உங்கள் இடப்பக்க முன்கதவின் உள் அட்டையைக் கழட்டிப் பார்க்க அனுமதிப்பீர்களா?" இரண்டு நாள் எல்லோரும் என்னைக் கேலி செய்தார்கள். பிறகு நகரின் மேற்கே ஹென்டர்சனிலிருந்து ஒருவர் வா என்றார்.

ஓய்வுபெற்ற தச்சர். காரின் கூரைத்துணி தொங்கிப்போய், அதை குண்டூசிகளால் குத்தி வைத்திருந்தார். மீன் பிடிக்கப் போவதற்கு இதைவிட நல்ல கார் உலகத்தில் இல்லை என்று அரைமணி நேரம் சொன்னார். கதவைத் திறந்தோம். வெறும் இரும்பு. ஒரு கோடுகூட இல்லை. உண்மையைச் சொல்கிறேன் அண்ணை, அந்த நொடியில் எனக்கு உள்ளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

அட்டையைத் திரும்பப் பூட்டும்போதுதான் நீங்கள் முதல்நாள் குனிந்து வாசித்த தகடு நினைவுக்கு வந்தது. போனட்டைத் திறந்து பார்த்தேன். அந்தக் கார் ஆஸ்திரேலியாவிலேயே முழுதாகப் பூட்டி வந்தது. டெஸ்டிங் வேலையில் பதினெட்டு வருடம் இருக்கிறவன், தப்பான மாதிரியை எடுத்துச் சோதித்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவன் செய்தால் நானே அவனைக் காய்ச்சி எடுத்திருப்பேன்.

அடுத்த காருக்கு, இங்கே பூட்டியதுதானா என்று பார்க்கத் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டுத்தான் போனேன். நேற்று, பாட்டனி டவுன்ஸ். மார்கரெட் என்று எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா. பச்சை நிற ஸ்டேஷன் வேகன். கணவர் புதிதாக வாங்கியது, மூன்று பிள்ளைகளும் இதில்தான் ஓட்டப் பழகினார்களாம். "இது என்னை நடுரோட்டில் விட்டதே இல்லை," என்றவர், கொஞ்சம் யோசித்து, "இரண்டு தடவையைத் தவிர" என்றார்.

திருகாணிகளைக் கழட்டினேன். அட்டை வந்தது. பிளாஸ்டிக் தாளைப் பிசினிலிருந்து மெதுவாக உரித்தேன். தாளின் மேல்மூலை விலகியதும் மஞ்சளாக ஒன்று தெரிந்தது. மீதித் தாளையும் விலக்கினேன்.

உங்கள் சுழி, அண்ணை. உள்ளங்கை அளவு. கீழே வாலை நீட்டி இழுத்து, நேற்றுப் போட்டது போலப் பளிச்சென்று.

நான் அப்படியே அந்தத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மார்கரெட் பயந்துபோய் என்ன அது, யாருடைய குறி என்று கேட்டார். இந்தக் கதவைப் பூட்டியவர், இதில் போகிறவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று கடவுளை நினைத்துப் போட்டது என்றேன். அவர் குனிந்து, தொடாமல், நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்த மனிதரை ஒரு நாள் இங்கே கூட்டி வருவாயா? நான் நன்றி சொல்ல வேண்டும்."

இறந்துவிட்டார் என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை. முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் புரிந்துகொண்டு என் தோளில் கை வைத்தார்.

அங்கிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு வந்தேன். அக்காதான் திறந்தார். போனில் எடுத்த படத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஓம், அவர்தான். வாலை இப்பிடித்தான் இழுப்பார். கடைக்குப் போற சாமான் லிஸ்டிலையும் இதே கோலம்தான்."

"அக்கா, நான் அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அவரைப் புளுகுன்னு சொல்லிட்டேன். அவர் சொன்னது உண்மை. நான்தான்…"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"உதுக்கோ அவர் கோவிச்சவரெண்டு நினைச்சனீர்? உதை அவர் அடுத்த நாளே எனக்குச் சொல்லிச் சிரிச்சவர். 'அவன் கேட்டதும் சரிதானே, கண்டாத்தானே நம்பலாம்' எண்டவர்."

அக்கா போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"நீர் வராததுதான் தம்பி அவருக்குத் துக்கம். சனிக்கிழமை காலமை டீசல் வாகனச் சத்தம் கேட்டா எழும்பி வாசலுக்குப் போவார். போய்ப் பாத்தா கூரியர் வான். திரும்பி வந்து இருந்து, 'அவனுக்கு வேலையாக்கும்' எண்டுவார். எத்தினை தரம் போனவர் தெரியுமே?"

எட்டு மாதத்தில் எத்தனை சனிக்கிழமை என்று எனக்குக் கணக்குத் தெரியும். அதைத்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன். ஒரு கதவைப் பார்ப்பதற்காக ஹென்டர்சனுக்கு மோட்டார்வே நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். இன்னொரு கதவுக்காகப் பாட்டனி டவுன்ஸ் வரை போனேன். என் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஏழு நிமிடம், அண்ணை. நடுவில் இரண்டே சிக்னல்.