அத்தைக்கு இல்லாத தலைவலி

என் கோபக்காரருக்கு,

சற்று முன் அத்தை கடைக்கு வந்தார். நீங்கள் என்னோடு சண்டை போட்டு வெளியூர் போன பிறகும் உங்கள் அம்மா வேறு மருந்துக்கடைக்குப் போனதில்லை. உங்களைப் பற்றி அவர் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை. அவருடைய பிரஷர் மாத்திரைக் கவர்களில் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரைந்து கொடுப்பேன், அவ்வளவுதான்.

இன்று கிளம்பும்போது, "ஒத்தைத் தலைவலிக்கு ஒரு மாத்திரை உண்டே, அதையும் குடு" என்றார்.

"யாருக்கு அத்தை?"

"எனக்குத்தான்."

"பிரஷர் இருக்கிறவங்க அதைப் போடக் கூடாது. உங்களுக்குன்னா தர மாட்டேன்."

கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "அப்போ எனக்கு இல்லன்னு வச்சுக்கோயேன்."

உங்கள் வீட்டில் ஒத்தைத் தலைவலி உங்களுக்கு மட்டும்தானே. எப்போது வந்தீர்கள்? இன்னும் சாப்பிடாமல் வேலை பார்த்துத்தான் தலைவலியை இழுத்துக்கொள்கிறீர்களா?

நான் எழுதி முடிக்கட்டும் என்று அத்தை பெஞ்சில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறார். இதை மாத்திரையோடு மடித்து வைக்கிறேன். போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துப் படுங்கள்.

அட்டையிலிருந்து ஒன்றை மட்டும்தான் வெட்டி வைத்திருக்கிறேன். மீதி வேண்டுமென்றால் நோயாளியே நேரில் வர வேண்டும்.

அப்படியொரு விதி எங்கள் கடையில் கிடையாது.

உங்கள்
மருந்துக்கடைக்காரி