கறைக்குத்தான் விலை

ரொக்ஸ்பரோ,
11 பெப்ரவரி 2024

அன்புள்ள செலீனுக்கு,

ஆண்டவர் துணையில் நான் சுகம். நீரும் அக்னெஸ் அக்காவும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். போனில் கதைத்தால் ஐந்து நிமிடத்தில் சண்டையாகிறது, கடிதமென்றால் நடுவில் வெட்ட முடியாது என்று நீர்தான் சொன்னீர். ஆகவே எழுதுகிறேன்.

நான் சேர்த்து வைத்த பழைய துவக்குகளில் கடைசித் துவக்கும் வீட்டை விட்டுப் போனால்தான் திரும்பி வருவேன் என்று சொல்லி நீர் அக்கா வீட்டுக்குப் போய் மூன்று மாதமாகிறது. நான் சும்மா இருக்கவில்லை. ஐந்தில் இரண்டை ஜனவரி ஏலத்தில் விற்றுவிட்டேன்.

ஒரு சின்ன விஷயம், கோபப்படாமல் வாசியும். அதே ஏலத்துக்கு 1943ஆம் ஆண்டுத் திறீ நொட் திறீ ரைபிள் ஒன்று வந்தது. உடம்பில் அடித்த இலக்கமும் தோட்டா ஏற்றும் போல்ட்டில் அடித்த இலக்கமும் ஒன்றே. எண்பது வருடமாக இரண்டும் பிரியாமல் இருந்திருக்கின்றன. அப்படி அமைவது அபூர்வம். விட மனம் வரவில்லை, எடுத்துவிட்டேன். வசந்த கால ஏலத்தில் எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிடுகிறேன்.

உமது,
றெனோல்ட்

•

அஹுன்ட்சிக்,
20 பெப்ரவரி 2024

அன்புள்ள ஷெரோன் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. விற்கப் போன மனிதன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். டெப்பனர் கடைக்குப் பாண் வாங்க அனுப்பினாலும் பாணைத் தவிர மற்றதெல்லாம் கொண்டுவரும் ஆள்தானே நீங்கள். அக்கா வாசித்துவிட்டுச் சிரிக்கிறா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு இரும்புத் துண்டுகள் பிரியாமல் இருந்தது உங்களுக்குப் பெரிய அதிசயம். வீட்டில் இருந்தவள் பிரிந்து வந்தது மூன்று மாதக் கணக்கு மட்டும்.

இத்தனை வருடமும் சொல்லாததை எழுதுகிறேன். அந்தத் துவக்கு உங்களுக்கு 1943. எனக்கு அந்த வகைத் துவக்கு எங்கள் ஊர்ப் பொலிஸ்காரர் தோளில் கிடந்தது. நான் பள்ளிக்கூடம் போகும் வயதில் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பாவைச் சுடவில்லை. துவக்கைத் திருப்பிப் பிடித்து மரக்கட்டையால் அடித்தார்கள். அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு காது கேட்காது. “மாமா, மாமா” என்று நீங்கள் அவரோடு கத்திக் கத்திக் கதைத்தீர்களே, ஏன் கேட்காது என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

சனிக்கிழமை நீங்கள் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனபின் வந்து என் உடுப்புகளை எடுத்துப் போகிறேன்.

உங்கள்,
செலீன்

•

ரொக்ஸ்பரோ,
3 மார்ச் 2024

செலீன்,

என்ன வேலை செய்து வைத்திருக்கிறீர்? படம் எடுப்பதற்காக அந்தத் துவக்கின் மரக்கட்டையைக் கழற்றி மேசையில் வைத்திருந்தேன். வேலையால் வந்து பார்த்தால் புதுக் கதிரை மேசை போல மினுங்குகிறது. என்னுடைய சாண்ட் பேப்பரை எடுத்தே தேய்த்து, வார்னிஷும் பூசிவிட்டுப் போயிருக்கிறீர்.

ஏல நிலையத்து மதிப்பீட்டாளர் பேனாட் நேற்று வந்தார். குழலுக்குள் லைட் அடித்துப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. இலக்கங்களைப் பார்த்தார், தலையாட்டினார். கட்டையைப் பார்த்ததும் மேசையில் வைத்துவிட்டார். மரத்தில் அடித்திருந்த பழைய முத்திரைகள் மழுங்கிப் போயின. பிடிக்கும் இடத்தில் இருந்த கருங்கறை அடியோடு போய்விட்டது. எண்ணெயும் வியர்வையும் எத்தனையோ பேர் கைபட்டு ஊறி வந்த கறை அது. “கறைக்குத்தான் விலை, றெனோல்ட். அதைத் திரும்பப் பூச ஏலாது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உமக்குப் பிடிக்காவிட்டால் தொடாமல் விட்டிருக்கலாம். இப்படிப் பழிவாங்க வேண்டுமா?

றெனோல்ட்

•

அஹுன்ட்சிக்,
12 மார்ச் 2024

அன்புள்ள ஷெரோன் அப்பாவுக்கு,

நான் பழிவாங்கவில்லை. அந்தக் கட்டை மேசையில் கிடந்ததைக் கண்டதும் உடுப்பை அள்ளிக்கொண்டு ஓடத்தான் பார்த்தேன். பேந்து, இவ்வளவு ஊத்தையாக இருந்தால் இதை யார் வாங்குவான், இது விலைப்படாவிட்டால் நான் எப்போது வீட்டுக்கு வருவது என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான். வசந்த காலம் வரைக்கும் காத்திருக்க எனக்கும் பொறுமையில்லாமல் இருந்தது.

மடியில் வைத்துத் தேய்த்தேன். அந்தக் கறை எதனால் வந்தது என்று யோசிக்கக்கூடாது என்பதற்காகச் செபமாலை சொல்லிச் சொல்லித் தேய்த்தேன். கறை போனபின் பார்த்தால் அது வெறும் மரம்.

உங்கள் கடிதத்தில் முத்திரை போனது இருக்கிறது, கறை போனது இருக்கிறது, பேனாட் சொன்னதும் இருக்கிறது. நான் அதை எப்படித் தொட்டேன் என்ற கேள்வி இல்லை. அப்பாவைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கும் ஒரு வரி இல்லை. ஆற அமர இருந்து பதில் எழுதுங்கள்.

செலீன்

•

ரொக்ஸ்பரோ,
5 மே 2024

அன்புள்ள செலீனுக்கு,

கோபத்தில் எழுதிவிட்டேன், மனதில் வைக்காதேயும். ஏல வேலையில் ஓடித் திரிந்ததால் பதில் பிந்திவிட்டது.

நல்ல செய்தி. மற்ற மூன்றும் விலைப்பட்டுவிட்டன. நீர் தேய்த்தது மட்டும் மிஞ்சிவிட்டது, ஒருவரும் கை உயர்த்தவில்லை. யாராவது வேட்டைக்காரனுக்குக் கொடுத்துவிடு அல்லது பொலிஸில் ஒப்படை என்கிறார் பேனாட். இலக்கம் ஒத்த துவக்கை அப்படித் தூக்கிக் கொடுக்க எனக்கு மனமில்லை. உள்ளதைச் சொன்னால், அது மிஞ்சியது உமது கைவேலையால்தானே?

ஒன்றுதானே, நிலவறையில் பூட்டி வைத்துவிடுகிறேன். உம்முடைய கண்ணில் படாது. நான் இவ்வளவையும் விட்டுக்கொடுத்தேன், நீர் இந்த ஒன்றை விட்டுக்கொடும். ஷெரோனும் இந்த வருடப் படிப்பு முடிந்து லீவில் வருகிறாள். வருகிற ஞாயிறு பூசை முடிய காரோடு வருகிறேன். சாமான்களைக் கட்டி வையும்.

உமது,
றெனோல்ட்

•

அஹுன்ட்சிக்,
9 மே 2024

றெனோல்டுக்கு,

உங்களைப் பெயர் சொல்லி எழுதுவது இதுதான் முதல் தடவை.

நீங்கள் எழுதியது சரி, அது மிஞ்சியது என் கைவேலையால்தான். வைத்திருங்கள். எனக்காக அதை நிலவறையில் ஒளிக்கவும் வேண்டாம். அதைத் தேய்த்த அன்றோடு என் பயம் போய்விட்டது.

உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டா, “துவக்குத்தான் பிரச்சினை எண்டால், அது ஒண்டுதானே மிஞ்சிக் கிடக்கு. போகலாமே, பிள்ளை?” என்று. “அது இல்லையக்கா பிரச்சினை” என்று நான் சொன்னேன். வாயால் சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. துவக்குக்குப் பயந்துதான் வீட்டை விட்டு வந்தேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது பயமில்லை. பயமில்லாமல் யோசித்துப் பார்த்தும் அந்த வீட்டுக்கு வர ஆசை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம். ஷெரோனுக்கு நானே சொல்கிறேன். என்னிடமிருந்த வீட்டுக் கதவுத் திறப்பு இந்த உறைக்குள் இருக்கிறது.

அப்பாவுக்கு எந்தக் காது என்றாவது கேட்பீர்கள் என்று இரண்டு மாதமாகப் பார்த்திருந்தேன். இடது காது.

செலீன்