கருப்பி நக்கிய கன்று

7-11-86, வெள்ளி

விடாத தூறல். விடியற்காலை எங்கள் எருமை கருப்பி ஈன்றாள். கன்று செத்தே விழுந்தது. கிடேரி. போன ஈற்றும் இதே கதைதான்.

எல்லாம் ஏரித் தண்ணீர் செய்கிற வேலை. மேல்பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு வாய்க்காலில் டிகாக்‌ஷன் நிறத்தில் நுரையோடு வருகிறது. கெண்டை, கெளுத்தி ஒன்றும் இல்லை. ஆகாயத்தாமரை மட்டும் கொழுத்துக் கிடக்கிறது. எருமை நாள் முழுக்க அதில்தான் ஊறுகிறது, அதைத்தான் குடிக்கிறது. வேறு எங்கே ஓட்டிக்கொண்டு போவது? வீட்டுக்காரரிடம் சொன்னேன். எருமைக் கன்று சாகிறது புதுசா என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மத்தியானம் வரை கருப்பி அதை நக்கிக்கொண்டே இருந்தாள். இழுத்துக்கொண்டு போனபோது கத்தினாள் பாருங்கள். சோறு இறங்கவில்லை.

8, சனி

மழை. மடி கல்லாகக் கட்டிக்கிடக்கிறது. கன்று முகம் தெரியாமல் பால் விடமாட்டாள். செத்த கன்றின் தோலை உரித்து உப்புத் தடவி, அடுப்புக்கு மேல் பரணில் போட்டிருக்கிறது. வீடெல்லாம் நாற்றம். மண்ணெண்ணெய் வாங்கவேண்டும். ரேஷனில் இல்லையாம்.

11, செவ்வாய்

வெயில். தோலுக்குள் வைக்கோல் திணித்துத் தைத்தாகிவிட்டது. கால் நாலும் சவுக்குக் குச்சி. கண் இருந்த இடத்தில் ஓட்டை. கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தினேன். கருப்பி மோந்தாள், நக்க ஆரம்பித்தாள், உடனே பால் இறங்கிவிட்டது. எனக்குத்தான் கை கூசியது. இரண்டு இழுப்பு இழுத்ததும் கூச்சம் போய்விட்டது.

சீம்பால் போனதும் குவார்ட்டர்ஸ் வீடுகளில் ஊற்றவேண்டியது:
எச் 9 டீச்சர் – ஒரு லி.
எச் 14 பேச்சி – அரை லி. (கைக்குழந்தை, தண்ணீர் ஒரு சொட்டு கலக்கக்கூடாது)
எச் 22 – கால், காபிக்கு மட்டும்

பேச்சி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். பிரசவத்துக்குப் பிறகு டைபாய்டு வந்து தாய்ப்பால் நின்றுவிட்டது. வாசலில் காத்துக்கொண்டு நிற்பாள். என்னை அக்கா என்று அவள் கூப்பிடுகிற மாதிரி என் கூடப்பிறந்தது கூடக் கூப்பிட்டதில்லை.

15, சனி

வைக்கோல் கன்றில் வண்டு. தோலுக்கு அடியில் புழு நெளிகிறது. முடி கொட்டுகிறது. இது போனால் பாலும் போச்சு. அவர் கடையிலிருந்து வெள்ளைப் பவுடர் வாங்கிவந்தார், நெல் மூட்டைக்குத் தூவுவது. தலை முதல் வால் வரை தேய்த்தேன். சாயங்காலமே வண்டெல்லாம் மல்லாந்து விழுந்துவிட்டன. அப்பாடா.

19, புதன்

கருங்கோழி செத்துவிட்டது. கொட்டகையில் கழுத்தை முறுக்கிக்கொண்டு கிடந்தது. காலையில் கன்றுக்கு அடியில் கொத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேனே. சீக்கு என்று நினைத்து மற்றதை எல்லாம் கூண்டில் அடைத்துவிட்டேன். முட்டை போச்சு. எரிச்சல்.

பவுடர் மறுபடி தூவினேன். கருப்பி நக்கி நக்கி வெள்ளையே தெரியவில்லை.

23, ஞாயிறு

கருப்பிக்கு நடுக்கம். காது துடிக்கிறது, தொடை துடிக்கிறது, வாயில் நுரை. மழைக் குளிர் என்கிறார் இவர். பால் மட்டும் குறையவில்லை, ஊற்றிவிட்டு வந்தேன்.

பேச்சி முகம் சரியில்லை. “யக்கா, புள்ள ரெண்டு நாளா தூங்கவே மாட்டேங்கு. கையையும் காலையும் வெட்டி வெட்டி இழுக்கான்” என்றாள். கழுத்து சுளுக்கி உரம் விழுந்திருக்கும், எடுத்துவிடச் சொல் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெரிய வைத்தியச்சி நான்.

24, திங்கள்

காலையில் கருப்பி எழவில்லை. மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தார்கள். என்ன தின்றாள் என்று கேட்டார். வைக்கோல், தவிடு, புண்ணாக்கு, எப்போதும் போடுவதுதான் என்றேன். அப்போதும் அவள் படுத்தபடியே கழுத்தை நீட்டி அந்தக் கன்றை நக்கினாள். டாக்டர் அதைத் தொட்டு விரலை மோந்து பார்த்தார். கோழி ஏதாவது செத்ததா என்று கேட்டார். கருங்கோழியையும் பவுடரையும் சொன்னேன்.

“புழுவுக்குப் போட்ட விஷத்த உன் எருமை நக்கிக்கினே இருந்திருக்கும்மா. பால்லயும் அதான் வரும். யாருக்கும் ஊத்தாத” என்றார்.

காய்ச்சினால் போகாதா என்று கேட்டேன். போகாது.

ஊசி போட்டுவிட்டுப் போனார். கன்றைக் கொளுத்தினோம். அந்தப் புகையிலும் கருப்பி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

எனக்குப் பேச்சியின் பிள்ளை ஞாபகம்தான். போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். இவர் வாசலை மறித்துக்கொண்டார். “மாடு வத்திப் பூட்ச்சின்னு நாளிக்கு சொல்லிடு. வேற இன்னாவும் பேசாத. போலீஸ் கீலீஸ்னு வந்தா நீதான் உள்ள போவ.”

போகவில்லை. பயந்துவிட்டேன். இன்று பால் போகாமல் நின்றதே, அது போதும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். நான் எல்லாம் ஒரு ஜென்மமா.

25, செவ்வாய்

தூறல். கருப்பி நிற்கிறாள், நடுங்கிக்கொண்டு. கன்று இல்லாமல் பால் விடவில்லை. பீய்ச்சினால் கொட்டத்தான் வேண்டும். கொட்டினாலும் ஏரிக்குத்தான் போகும்.

இவர் ஷிப்டுக்குப் போனதும் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். எச் 14 பூட்டியிருந்தது. டீச்சர் சொன்னார்கள்: ராத்திரி பிள்ளைக்கு வலிப்பு வந்து எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மூளைக் காய்ச்சலாக இருக்கும் என்று பேசிக்கொள்கிறார்களாம். எதனால் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, டாக்டர் கேட்டதற்குப் பேச்சியும் ஒன்றும் சொல்லத் தெரியாமல் அழுதாளாம்.

நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் உள்ளே போய்ச் சொம்பு கொண்டுவந்தார்கள். “அவங்க வர வரைக்கும் அந்த அரை லிட்டரையும் எனக்கே ஊத்திடும்மா, பசங்களுக்கு ஆகும்.”

சொல்லிவிட்டேன். வண்டு, பவுடர், கோழி எல்லாம். டீச்சர் சொம்பைக் கீழே வைக்கவே இல்லை. அவர்கள் பிள்ளைகள் இரண்டும் அப்போதுதான் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தன. டீச்சர் சின்னவனின் கையைப் பிடித்து விரித்து, நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

எழும்பூருக்கு எந்த ரயில் என்று கேட்டுக்கொண்டு, கையில் இந்த நோட்டோடு அப்படியே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.