லாரி ஓட்டியவர்

மார்ச் 4, திங்கள்

மருந்துக்கடையில் சரக்கு வந்த நாள். பெட்டிகளை அடுக்கி முடிக்கவே ஒன்றரை ஆகிவிட்டது. சாப்பிடாமலே தொலைபேசி அறைக்கு ஓடினேன். தபால் ஆபீஸ் மாடி, மூன்று மேசை, மூன்று போன், கறகறவென்று ஒரு மின்விசிறி. சண்டை ஓய்ந்து இத்தனை வருஷமாகியும் அந்த மூன்று போனும் சும்மா இருப்பதில்லை. தூக்கம் போனவர்கள், கதவு படீரென்று சாத்தினால் கட்டிலுக்கடியில் ஒளிகிறவர்கள், யாரிடமும் சொல்லாததை ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்கிறவர்கள். எடுத்துப் பேசுகிற நாங்களும் அடிபட்டவர்கள்தான். இந்தப் பக்கத்தவரும் உண்டு, அந்தப் பக்கத்தவரும் உண்டு. டீச்சர் இந்த அறையைத் தொடங்கியபோதே போட்ட நிபந்தனை அது. இன்னும் இரண்டு உண்டு: பேர் கேட்கக் கூடாது, நாமாகப் போனை வைக்கக் கூடாது.

நாலு மணிக்கு இருமல்காரர். இது மூன்றாவது தடவை. பத்து நிமிஷம் வெறும் இருமலும் மூச்சும். கடைசியில், "நீங்களேதான் எடுப்பீங்களா?" என்றார். "மத்தியானம் ரெண்டுலேருந்து ஆறு வரைக்கும் நான்தான்" என்றேன். வைத்துவிட்டார்.

மார்ச் 6, புதன்

கடிதம் வந்திருக்கிறது. சண்டையில் பிழைத்து, சமாதானத்துக்காக உழைக்கிற ஐந்து பேரை நகர மன்றத்தில் கௌரவிக்கிறார்களாம். அதில் நானும் ஒருத்தி. இருபத்திரண்டாம் தேதி, வெள்ளி, காலை பத்து மணி.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"பிழைச்சதுக்குக் குடுக்கறாங்களா, வேலை செய்யறதுக்குக் குடுக்கறாங்களா?"

"ரெண்டுக்கும்னுதான் போட்டிருக்கு."

"அப்ப பாதி எனக்கு. நானும்தானே பிழைச்சுக் கிடக்கேன்."

பிறகு என் செருப்பைப் பார்த்து, இதைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினால் மானம் போகும் என்று புதுச் செருப்புக்கு உத்தரவு போட்டாள்.

மார்ச் 8, வெள்ளி

மன்றத்திலிருந்து போட்டோ எடுக்க ஆள் வந்தார். "சிரிக்காதீங்க. அழற மாதிரியும் வேணாம். நடுவுல ஒண்ணு வையுங்க." அரை மணி நேரம் அந்த நடுவைத் தேடினேன். டீச்சர் சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

மார்ச் 11, திங்கள்

இன்றே எழுதிவிடுகிறேன்.

இருமல்காரர் இன்று பேசினார். "நான் அப்ப லாரி ஓட்டிக்கிட்டிருந்தேம்மா. துப்பாக்கியைத் தொட்டதில்ல. வண்டி மட்டும்தான்." கொஞ்சம் இருமல். "பஸ் ஸ்டாண்டுல வெச்சு ஏத்தினாங்க. பதினேழு வருஷம் ஆச்சு. ஜூன் பதினொண்ணு, காலையில."

ஜூன் பதினொன்று. காலை. எங்கள் பஸ் ஸ்டாண்ட்.

தம்பிக்குப் பத்தொன்பது வயது. பரீட்சை எழுதப் போக ஆண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். நான் வழியனுப்ப வந்தவள். துப்பாக்கியோடு வந்தவர்கள் ஆண்களை மட்டும் இழுத்தார்கள். ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தேன். துப்பாக்கிக் கட்டையால் காதோடு சேர்த்து அடித்தார்கள். கண் விழித்தபோது வரிசையே இல்லை. இருபத்தாறு பேர். ஒருவர்கூடத் திரும்பவில்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்று எந்த விசாரணையிலும் தெரியவில்லை.

"லைன்ல இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன். சொல்லுங்க."

அதைச் சொன்னது நானா? அவ்வளவு அமைதியான குரல் எனக்கு எங்கிருந்து வந்தது?

"செங்கல் சூளை" என்றார். அதற்கு மேல் வரவில்லை. எந்தச் சூளை என்று கேட்க வாய் துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். வைத்துவிட்டார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல?

மார்ச் 12, செவ்வாய்

டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் அந்தப் பக்கம். அவர் கணவரைக் கடையோடு வைத்துக் கொளுத்தியது எங்கள் பக்கத்து ஆட்கள். பத்து வருஷமாகப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறோம். இதை நாங்கள் பேசியது மொத்தம் இரண்டு தடவை.

"இனிமே அவர் கூப்பிட்டா நான் எடுக்கறேன்" என்றார்.

"வேணாம் டீச்சர். அவர் என்கிட்டதான் பேச வர்றார்."

"உன்கிட்ட வரல. யாருன்னே தெரியாத ஒருத்திகிட்ட வர்றார். அது வேற."

சுருக்கென்றது. உண்மைதானே?

மார்ச் 14, வியாழன்

இடத்தைக் காட்டினால் ஜெயிலா என்று இருமல்காரர் கேட்டார். மகளுக்கு வரன் பேசி முடித்திருக்கிறார்களாம். காணாமல்போனவர்களைத் தேடும் ஆணையத்தில் ஒரு வக்கீலம்மா இருக்கிறார், தானாக முன்வந்து சாட்சி சொல்பவருக்கு என்ன பாதுகாப்பு உண்டு, எது இல்லை என்று ஒளிக்காமல் சொல்வார் என்றேன்.

"நீங்க கூட வருவீங்களா?"

"வருவேன்."

சொல்லிவிட்டேன். ஆனால் யார் கூட வரப்போகிறாள் என்று அவருக்குத் தெரியாதே. இது பச்சைத் துரோகம் இல்லையா? தெரிந்தால் ஓடிவிடுவார். தெரியாமல் வந்தால், அங்கே என் முகத்தைப் பார்த்த நிமிஷமே தெரிந்துபோகும்.

மார்ச் 15, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

"ஐயா, நானும் ஒண்ணு சொல்லணும். அந்த வரிசையில என் தம்பி நின்னுக்கிட்டிருந்தான்."

இருமல்கூட நின்றுபோனது. எண்ணிப் பார்த்தேன், நாற்பது வரை எண்ணினேன். டொக்.

மார்ச் 18, திங்கள்

கூப்பிடவில்லை.

மார்ச் 20, புதன்

கூப்பிடவில்லை. மருந்துக்கடைக்குத் தையல்கார அக்கா வந்தாள், பிரஷர் மாத்திரைக்கு. அவள் வீட்டுக்காரரும் அந்த இருபத்தாறில் ஒருவர். சீட்டைப் பார்த்துக்கொண்டே மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

"ஏண்டி மூஞ்சியத் திருப்பறே? மேடை ஏறப்போறேன்னதும் பெரிய ஆளாயிட்டியா?"

சிரித்து மழுப்பினேன். இருபத்தாறு வீட்டுக்கும் வர இருந்த ஒரே சேதியை ஒற்றை வாக்கியத்தில் கெடுத்துவிட்டேன். என் மனசு சுத்தமாக இருக்க வேண்டுமென்று சொன்னேனா, அவருக்காகச் சொன்னேனா? தெரியவில்லை. தெரியவே இல்லை.

மார்ச் 22, வெள்ளி

காலை ஒன்பது மணி. டீச்சரையும் அழைத்துக்கொண்டு போகலாம் என்று நானும் அம்மாவும் தபால் ஆபீஸுக்குப் போனோம். மாடிப்படியில் ஒரு ஒல்லி மனிதர், வாயில் கைக்குட்டை. இருமினார். அந்த இருமலேதான்.

நிமிராமலே கேட்டார்: "தம்பிக்கு எத்தனை வயசு?"

"பத்தொம்பது."

"இன்னிக்கே போயிடலாம்மா. நாளைக்குன்னா எனக்குத் தைரியம் இருக்காது."

அம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நான் எதுவும் விளக்கவில்லை. விளக்க வேண்டியிருக்கவில்லை. அடித்துவிடுவாள் என்றே நினைத்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி குனிந்து தன் செருப்பைக் கழற்றினாள். பிறகு, "அந்தப் புதுச் செருப்பைக் கழட்டு" என்றாள். தன் பழையதை எனக்குத் தள்ளினாள். "சூளையில முள்ளு கெடக்கும். இது கெட்டிச் செருப்பு. மேடைக்கு நான் போறேன்."

சூளை என்ற வார்த்தை அவளுக்கு எப்படித் தெரியும்? தூக்கத்தில் உளறியிருக்கிறேன் போல. பத்து நாளாக அவளும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

வக்கீலம்மாவுக்குப் போன் செய்து, டீச்சரும் சேர, அவர் ஜீப்பில் போனோம். இடிந்த புகைபோக்கிக்குப் பின்னால் இருமல்காரர் நின்றார், திரும்பினார், பத்தடி நடந்தார், மறுபடி நின்றார். "இங்க." அங்கே புதர்தான் இருந்தது. சுத்தமாக ஒன்றுமில்லாத, வெயில் காய்கிற ஒரு இடம்.

அப்போதுதான் எனக்கு உடைந்தது. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "ஓட்டாம இருந்திருக்கலாமே! சாவிய வீசிட்டு ஓடியிருக்கலாமே!" டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். இருமல்காரர் விலகவில்லை, கையைத் தட்டிவிடவில்லை. "ஆமாம்மா" என்றார். "அதைத்தான் தினமும் நெனைக்கறேன்."

மன்னித்தேனா? இல்லை. திரும்பி வரும்போது அவருக்கு இருமல் அதிகமாகவே தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவ்வளவுதான்.

மேடையில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னதற்கு அம்மா, "என் பொண்ணு வேலையாப் போயிருக்கா. அவளோட வேலை செய்யறவங்கள்ல அந்தப் பக்கத்தவங்களும் இருக்காங்க, அவங்களுக்கும் சேத்துக் கைதட்டுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். போட்டோக்காரர் சொன்னார்.

ஏப்ரல் 3, புதன்

தோண்டத் தொடங்கிவிட்டார்கள். கிடைக்கிற எலும்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்க அம்மாவிடம் ரத்தம் எடுத்தார்கள். "இவ்வளவு போதுமா? இன்னும் எடுத்துக்கோங்க" என்றாள்.

ஜூலை 18, வியாழன்

முடிவு வந்துவிட்டது. பதின்மூன்று பேர். பதின்மூன்று பேரும் யார் யார் என்று தெரிந்துவிட்டது. தையல்கார அக்காவின் வீட்டுக்காரர் இருக்கிறார்.

தம்பி இல்லை.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "உனக்கு இல்லாம எனக்கு மட்டும் கெடச்சிருக்கேடி" என்று அழுதாள். அவள் அழுததற்கு நான் சமாதானம் சொன்னேன். அம்மா மூன்று நாள் அக்கா வீட்டிலேயே இருந்து சமைத்துப் போட்டாள்.

ஜூலை 22, திங்கள்

லாரிக்காரர் கூப்பிட்டார். சாட்சி சொன்னதிலிருந்து அவர் வீட்டு ஜன்னல் இரண்டு தடவை உடைந்திருக்கிறது. மகளின் வரன் முறிந்துவிட்டது. மகள் மட்டும், "விடுங்கப்பா" என்றாளாம்.

"அன்னிக்கு ரெண்டு லாரிம்மா. பாதிப் பேர் ரெண்டாவதுல. அது ஆத்துப் பக்கம் திரும்பிச்சு. அதை ஓட்டினவனை எனக்குத் தெரியும், காட்டிக்குடுக்க வேணாம்னுதான் இத்தனை நாள் சொல்லல. நான் போய்ப் பேசறேன்."

"வரமாட்டேன்னா?"

"மறுபடியும் போறேன்."

ஆகஸ்ட் 9, வெள்ளி

மூன்று தடவை போய் வந்துவிட்டாராம். பஸ்ஸில் ஒரு வழிக்கே ஆறு மணி நேரம். முதல் தடவை கதவே திறக்கவில்லை. இரண்டாவது தடவை நாயை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். "மூணாவது தடவை நாய் என்னைப் பாத்து வாலாட்டிச்சும்மா. அது ஒண்ணுதான் முன்னேற்றம்" என்றார். பத்து வருஷத்தில் அந்தப் போனில் நான் சத்தம்போட்டுச் சிரித்தது இன்றுதான்.

செப்டம்பர் 5, வியாழன்

மூன்று மணிக்கு இரண்டு பேர் படியேறி வந்தார்கள். லாரிக்காரர் வாசலோடு நின்றுகொண்டார். உள்ளே வந்தவர் கனத்த உடம்பு, கையில் ஊன்றுகோல். யாரையும் பார்க்கவில்லை. டீச்சர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவே வெகு நேரம் ஆயிற்று. ஆற்றங்கரையில் எந்த இடம் என்று சொன்னார்.

நாளைக் காலை ஆறு மணிக்கு ஜீப் வருகிறது. அம்மாவும் வருகிறேன் என்கிறாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.