நீங்கள் போட்ட வளையல்

அக்கா, இன்று மதியம் கேன்டீனில் சந்தன வாசனை வந்ததும் உங்கள் முகம்தான் முன்னால் வந்து நின்றது. எங்கள் லைனில் தைக்கும் செல்விக்கு வளைகாப்பு. புளிசாதம், எலுமிச்சை சாதம், கண்ணாடி வளையல். நீங்கள் ஆரம்பித்து வைத்த வழக்கத்தை, நீங்கள் போன பிறகும் இந்த ஷூ கம்பெனி விடவில்லை.

எனக்கு முதல் வளையல் போட்டது நீங்கள்தான். நீங்கள் லைன் லீடர். ஆனாலும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்காருவீர்கள். பெற்ற அம்மாவிடம் சொல்லாததையும் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அன்று கன்னத்தில் சந்தனம் காய்வதற்குள் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினீர்கள்.

"சொந்தக் காரணத்தால வேலய விட்டு நின்னுக்கறேன்னு எழுதிக் குடும்மா. நல்லபடியா புள்ளய பெத்துக்கினு வா. நானே மறுபடி சேத்துக்கறேன்."

நம் லைனில் வளையல் போட்டுக்கொண்ட எல்லாரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். பிரசவத்துக்குச் சம்பளத்தோடு லீவு தரவேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பதே எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் மகன் பிறந்தான். வீட்டில் ஒரு வருமானம் போதவில்லை. பச்சை உடம்போடு திரும்பி வந்தேன். சொன்னபடியே சேர்த்துக்கொண்டீர்கள், புது ஆளாக. மெஷினில் உட்கார்ந்தால் பால் கட்டி நெஞ்சு கல்லாக வலிக்கும். "நீ போய்ட்டு வா, நான் தைக்கிறேன்" என்று என் இடத்தில் உட்காருவீர்கள். பாத்ரூமில் பாலைப் பீய்ச்சிக்கொண்டே, இப்படி ஓர் அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று அழுதிருக்கிறேன். என் மகன் அப்போது வீட்டில் புட்டிப்பால் குடித்துக்கொண்டிருந்தான்.

உங்கள் கருமாதிக்கு வந்தேன். உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்கம்மா மாதிரி வராதுக்கா. பாப்பா வயித்துல இருக்கசொல்ல எங்க ஆபீஸ்ல வேலய விட்டு நிக்கச் சொன்னாங்க. எவன் கேட்டாலும் எழுதிக் குடுக்காத, இருபத்தாறு வாரம் சம்பளத்தோட லீவு, சட்டமே இருக்குதுன்னு அம்மாதான் நேர்ல வந்து சண்ட போட்டுச்சு."

அவள் பக்கத்தில் நின்ற அந்தப் பாப்பா என் மகனைவிட மூத்தவள். என்னிடம் தாளை நீட்டியபோதே உங்களுக்கு எல்லாம் தெரியும். இலையில் உட்காராமல் கிளம்பிவிட்டேன்.

மேலே இருப்பவர்கள் சொல்லித்தான் செய்திருப்பீர்கள். உங்கள் வேலையும் முக்கியம்தான். ஆனால் பஸ்ஸில் அவ்வளவு தூரம் பேசிக்கொண்டு வந்தோமே, ஒரு நாள் என் காதில் மட்டும் சொல்லியிருக்கக் கூடாதா? முன்பின் தெரியாதவர்கள் ஏமாற்றியிருந்தால் மனசு ஆறியிருக்கும். நீங்கள் என் மெஷினில் உட்கார்ந்து தைத்தீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று செல்விக்கு முதல் வளையலை நான் போட்டேன். இப்போது லைன் லீடர் நான். ஆபீஸிலிருந்து வந்த வெள்ளைத்தாள் என் கையில்தான் இருந்தது. எல்லார் முன்னாலும் அதை மடித்து, அதிலேயே புளிசாதக் கையைத் துடைத்தேன்.

"எவன் கேட்டாலும் எழுதிக் குடுக்காத. இருபத்தாறு வாரம் சம்பளத்தோட லீவு, சட்டமே இருக்குது" என்றேன்.

உங்கள் வார்த்தைதான், அக்கா. நீங்கள் எனக்குச் சொல்லாதது.